விதியா? விஷமா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் சந்தோஷமான விஷயமல்ல. பச்சைக் குழந்தைகளுக்கு வருகின்ற புற்றுநோயைப் பற்றியும், குடிக்கும் தண்ணீரிலும் சுவாசிக்கும் காற்றிலும் கலந்துவிடுகின்ற ரசாயனச் சரக்குகளுக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்பதைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறோம். நாம் வைத்தியம் படித்தவரல்ல. படித்தவர்கள் ஆராய்ந்து வெளியிட்டவைகளைப் பார்த்து, நமது அறிவுக்கு எட்டியவரை யோசித்து, சரியென்று பட்டதைச் சொல்லுகிறோம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக நீங்கள் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இங்கேயே உதறிவிட்டுப் போங்கள்.

தோழர்களே! ஒரு கிழவருக்குப் புற்றுநோய் வந்தால், "புகையிலை போட்டார், சாராயம் குடித்தார், வந்தது" என்று சொல்லிவிடுகிறோம். அதிலாவது ஒரு காரணம் இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் வந்தால் என்ன சொல்லுகிறோம்? அது புகை பிடித்ததா? குடித்ததா? யார் குடியையாவது கெடுத்ததா? ஒன்றுமில்லை. இந்தப் பிறவியில் குற்றம் கண்டுபிடிக்க முடியாதபோது நமது சாஸ்திரக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், போன பிறவியில் போய்க் குற்றத்தைத் தேடுகிறார்கள். "பூர்வ ஜன்ம பாவம்" என்கிறார்கள். அதுவும் போதாவிட்டால் தாயின் தலையில் கையை வைக்கிறார்கள். "கிரகணத்தன்று வெளியே வந்தாயா? எந்தத் தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதை மறந்தாய்?" என்று, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழுகிறவளையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார்கள்.

கிரகணத்தன்று வெளியே வந்தாளா என்று கேட்கிறவர்களில் ஒருவராவது, அவள் கர்ப்பமாயிருந்தபோது குடித்த தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது என்று கேட்டதுண்டா? நாம் இன்று கேட்க விரும்புவது அந்த ஒரு கேள்விதான்.

புகைக்கூண்டுப் பிள்ளைகள்

பழியைப் பாதிக்கப்பட்டவன்மேலேயே போடுகிற வழக்கம் நமது நாட்டுக்கு மட்டும் சொந்தமென்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் முற்காலத்தில் வீட்டுப் புகைக்கூண்டுகளைச் சுத்தம் செய்ய ஏழை வீட்டுச் சிறுவர்களை உள்ளே ஏற்றுவார்கள். பெரிய ஆள் நுழைய முடியாத சந்து அது. ஆகவே ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளைப் பிடித்து ஏற்றினார்கள். உடம்பெல்லாம் கரி, கழுவத் தண்ணீர் கிடையாது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு பலருக்கு விரைப்பையின் தோலில் ஒரு புண் வந்தது. அது ஒழுக்கக்கேட்டால் வந்த பெண்சீக்கு என்று நினைத்து, அதற்குரிய பாதரச மருந்தைக் கொடுத்துக் கொண்டிருந்தார்கள். பெர்சிவல் பாட் என்ற லண்டன் ரண வைத்தியர்தான் 1775-ம் வருஷத்தில், "இது ஒழுக்கக்கேடல்ல, புற்று, காரணம் இவர்கள் தோலில் தங்கிய புகைக்கரி" என்று எழுதினார்.

பாருங்கள்! குழந்தைப் பருவத்தில் உடம்பில் பட்ட ஒரு சரக்கு, பின்னால் புற்றுநோயாக வரும் என்று 250 வருஷங்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது. ஆனால் சிறுவர்களைக் கூண்டில் ஏற்றும் வழக்கம் உண்மையில் ஒழிய 1875-ம் வருஷத்துச் சட்டம் வரவேண்டியிருந்தது. காரணம் தெரிந்ததற்கும் காரியம் நடந்ததற்கும் நடுவில் ஒரு நூறு வருஷம்! அந்த நூறு வருஷமும் கரி சுமந்தது யார்? புகைக்கூண்டு வைத்திருந்த பிரபுக்களின் பிள்ளைகளா?

வூபர்ன் ஊர்த் தாய்

நிற்க, இப்போது நமது காலத்துக்கு வருவோம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்கு வடக்கே வூபர்ன் என்று ஓர் ஊர் இருக்கிறது. நமது ஆம்பூர், வாணியம்பாடியைப் போல ஒரு காலத்தில் தோல் பதனிடுவதற்குப் பேர்போன ஊர். பின்னால் ரசாயனத் தொழிற்சாலைகளும் இயந்திரத் தொழிற்சாலைகளும் வந்தன. தண்ணீர் போதவில்லை என்று அந்நகராட்சியார் 1964-லும் 1967-லும் 'ஜி' என்றும் 'எச்' என்றும் பெயரிட்ட இரண்டு கிணறுகளை இறக்கி, ஊரின் கிழக்குப் பகுதிக்குத் தண்ணீர் விட்டார்கள். தண்ணீர் நாற்றமடிக்கிறது, வாயில் வைக்க முடியவில்லை என்று ஜனங்கள் பலமுறை புகார் செய்தார்கள். குடிக்கத் தகுந்த தண்ணீர்தான் என்று அதிகாரிகள் பதில் சொன்னார்கள்.

1972-ம் வருஷத்தில் அந்தப் பகுதியிலிருந்த ஒரு தாயின் சிறு பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் கடைத்தெருவிலும் தன் ஊர்க்காரர்களையே அவள் சந்தித்தாள். அவர்கள் பிள்ளைகளுக்கும் அதே நோய். அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது: "இத்தனை பேருக்கும் பொதுவாயிருப்பது என்ன? தண்ணீர்தானே?" டாக்டரைக் கேட்டாள், அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்றவர்களைக் கேட்டாள், பிள்ளை நோயாயிருக்கிற துக்கத்தில் பேசுகிறாள் என்றார்கள். படித்தவர்களெல்லாம் தற்செயல் என்று தள்ளிய ஒரு கேள்வியை, அந்த ஸ்திரீ ஏழு வருஷம் விடாமல் கையில் பிடித்துக் கொண்டிருந்தாள்.

1979-ம் வருஷம் மே மாதத்தில் கிணறுகளுக்குப் பக்கத்தில் 184 பீப்பாய்களை யாரோ கொண்டுவந்து போட்டிருந்தது தெரியவந்தது. அந்தப் பயத்தினால்தான் கிணற்று நீரைச் சோதித்தார்கள். பீப்பாயிலிருந்த சரக்கு தண்ணீரில் இல்லை. வேறொன்று இருந்தது. இரும்புச் சாமான்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுவதற்கு உபயோகிக்கும் டிரைகுளோரோ எத்திலீன் என்ற சரக்கு, ஒரு கிணற்றில் நூறு கோடிப் பங்குக்கு 267 பங்கு இருந்தது. இன்று அமெரிக்கச் சட்டம் குடிநீரில் அனுமதிப்பது 5 பங்கு. கிணறுகளை உடனே மூடினார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது என்னவென்றால், யாரோ ஒருவன் பீப்பாயை வீசிவிட்டுப் போகாமலிருந்திருந்தால் அந்தத் தண்ணீரை இன்னும் எத்தனை நாள் குடித்திருப்பார்களோ என்பதுதான்.

பிறகு நடந்ததுதான் நமக்கு மிகவும் பிடித்தமான சங்கதி. அந்தத் தாய் தன் ஊர்ப் பாதிரியாரிடம் போனாள். அவரும் முதலில் நம்பவில்லை. ஆனால் அவர் "கர்த்தரின் சித்தம், ஜபம் செய்" என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்புப் போட்டு, இந்த நோய் கண்ட குழந்தைகளின் பெற்றோர்களைக் கூட்டினார். யார் வீடு எங்கே இருக்கிறது, எந்த வருஷம் நோய் கண்டது என்று ஊர்ப் படத்தில் குறித்தார்கள். புள்ளிகளில் பாதி சில தெருக்களுக்குள்ளேயே விழுந்தன. தோழர்களே! பாதிரியாரே வேதப் புத்தகத்தை ஒருபுறம் வைத்துவிட்டு ஊர்ப் படத்தைக் கையில் எடுத்த பிறகுதான் உண்மை வெளியே வர ஆரம்பித்தது. நமது குருக்கள்மார் எப்போது படத்தை எடுக்கப் போகிறார்கள்?

சர்க்கார் சுகாதார இலாகாவார் 1981-ல் கணக்கெடுத்தார்கள். 1969 முதல் 1979 வரை 5 குழந்தைகளுக்குச் சற்று அதிகமாக வரலாம் என்று எதிர்பார்க்கத்தக்க அந்த ஊரில் 12 குழந்தைகளுக்கு வந்திருந்தது. ஆனால் காரணம் தண்ணீர்தான் என்று சொல்ல ஆதாரம் போதாது என்றார்கள். அந்த வருஷம் ஜனவரியிலேயே அந்தத் தாயின் பிள்ளை இறந்துபோனான்.

எட்டுக் குடும்பங்கள் கம்பெனிகள்மேல் வழக்குப் போட்டன. 1986-ல் ஜூரிகள் ஒரு கம்பெனியை விட்டுவிட்டு, டபிள்யூ. ஆர். கிரேஸ் என்ற கம்பெனி அஜாக்கிரதையாயிருந்து கிணற்றைக் கெடுத்தது என்று தீர்ப்புச் சொன்னார்கள். நீதிபதி அந்தத் தீர்ப்பைத் தள்ளி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். கடைசியில் கம்பெனி 80 லட்சம் டாலர் கொடுத்து ராஜியாயிற்று. ஆகவே, "இந்தத் தண்ணீரால்தான் இந்தப் பிள்ளைகளுக்கு நோய் வந்ததா?" என்ற கேள்வி கோர்ட்டில் ஜூரிகளிடம் கேட்கப்படவேயில்லை. பணம் கைமாறியது, கேள்வி அப்படியே நின்றது.

கர்ப்பத்தில் விழும் விதை

கோர்ட்டு கேட்காத கேள்வியை மாசாசூசெட்ஸ் மாகாணத்துச் சுகாதார இலாகா கேட்டது. 1969 முதல் 1989 வரை நோய் கண்ட 21 குழந்தைகளையும், அதே ஊரில் நோயில்லாத மற்றக் குழந்தைகளையும் எடுத்துக்கொண்டு, எந்த மாதத்தில் எந்த வீட்டுக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு போயிற்று என்று கணக்கிட்டார்கள். 1997-ல் முடிவு வந்தது. குழந்தை பிறந்தபிறகு குடித்த தண்ணீருக்கும் நோய்க்கும் சம்பந்தம் தென்படவில்லை. தாய் கர்ப்பமாயிருந்தபோது குடித்த தண்ணீருக்கும் நோய்க்கும் சம்பந்தம் தென்பட்டது. அந்த வீட்டுக்குப் போன கிணற்று நீர் அதிகமாக அதிகமாக, நோய் வரும் சாத்தியமும் அதிகமாயிருந்தது.

இதில் ஆச்சரியமில்லை என்பதற்கு வேறு அத்தாட்சிகளும் உண்டு. மேல்நாடுகளில் குழந்தை பிறந்த சில நாட்களில் குதிகாலில் குத்தி ஒரு பொட்டு இரத்தத்தை அட்டையில் எடுத்து வைப்பது வழக்கம். பின்னால் இரத்தப் புற்றுநோய் கண்ட சில குழந்தைகளின் பழைய அட்டைகளை 1990-களின் கடைசியில் எடுத்துப் பார்த்தார்கள். நோய்க்குரிய மரபணு மாறுதல் பிறந்த நாளிலேயே அந்தப் பொட்டில் இருந்தது! விதை கர்ப்பத்திலேயே விழுந்திருக்கிறது. அந்த மாறுதல் உள்ள குழந்தைகள் எல்லோருக்கும் நோய் வருவதுமில்லை; பிறந்தபிறகு இன்னொரு அடியும் விழவேண்டும் என்கிறார்கள்.

இன்னொன்று. டயெத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்று ஒரு செயற்கை மருந்து. கர்ப்பம் கலையாமலிருக்க என்று லட்சக்கணக்கான பெண்களுக்குக் கொடுத்தார்கள். அது கர்ப்பத்தைக் காக்கவில்லை என்று 1953-லேயே சிக்காகோவில் பரீட்சித்துச் சொல்லிவிட்டார்கள். இருந்தும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பாஸ்டனில் 15 முதல் 22 வயதுக்குட்பட்ட எட்டுப் பெண்களுக்கு, அந்த வயதில் கண்டறியாத பிறப்புறுப்புப் புற்று வந்தது. டாக்டர்களுக்குக் காரணம் தெரியவில்லை. ஒரு பெண்ணின் தாய்தான், "நான் கர்ப்பத்தில் அந்த மருந்தைச் சாப்பிட்டேனே, அதனால் இருக்குமா?" என்று கேட்டாள். விசாரித்ததில் எட்டுப் பேரில் ஏழு பேருடைய தாய்மார் அதைச் சாப்பிட்டிருந்தார்கள். நோயில்லாத 32 பெண்களின் தாய்மாரில் ஒருவர்கூடச் சாப்பிடவில்லை. இது 1971-ல் வெளியாயிற்று. இங்கே சந்தேகத்துக்கு இடமில்லை.

பார்த்தீர்களா, தோழர்களே! இரண்டு இடத்திலும் முதலில் கேட்டது யார்? தாய். பட்டம் பெற்றவர்களுக்குத் தோன்றாத கேள்வி, அடுப்பங்கரையில் இருக்கிறவளுக்குத் தோன்றியது. "பெண் புத்தி பின் புத்தி" என்று எழுதி வைத்தவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுகிறார்கள்?

நமக்கும் ஒரு கட்டுப்பாடு

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். விதி என்று சொல்லுவது எவ்வளவு மூடத்தனமோ, ஆதாரமில்லாமல் கண்டதையெல்லாம் விஷம் என்று கூச்சல் போடுவதும் அவ்வளவு மூடத்தனமேயாகும். பகுத்தறிவு நமக்குச் சௌகரியமான இடத்தில் மட்டும் உபயோகிக்கிற கத்தியல்ல.

ஒரு பிடி கேழ்வரகைத் தரையில் வீசினால் எல்லா இடத்திலும் சமமாகவா விழும்? எங்காவது ஒரு கும்பல் விழத்தான் செய்யும். அதுபோலவே ஒரு தெருவில் மூன்று குழந்தைகளுக்கு நோய் வந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம். வூபர்னிலும் எண்ணிக்கை சிறியதுதான்; 21 குழந்தைகளை வைத்துக்கொண்டு சத்தியம் செய்துவிட முடியாது. டிரைகுளோரோ எத்திலீன் மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-ல் முடிவு செய்தது. ஆனால் அந்த முடிவுக்கு முக்கிய ஆதாரமாயிருந்தது பெரியவர்களின் சிறுநீரகப் புற்றே ஒழிய, குழந்தைகளின் இரத்தப் புற்றல்ல. பென்சீன் பெரியவர்களுக்கு இரத்தப் புற்றை உண்டாக்கும் என்பது ருசுவானது. குழந்தைகள் விஷயத்தில் ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. வீட்டுக்குள் பூச்சி மருந்து அடிப்பதற்கும் குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கும் சம்பந்தம் தென்படுவதாகப் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து 2015-ல் எழுதியிருக்கிறார்கள். சம்பந்தம் தென்படுவது வேறு. காரணம் என்று ருசுவாவது வேறு.

உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் இளம் பிள்ளைகளுக்கும் புற்று வருகிறது என்றும், பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இன்னும் தெரியவில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவது விஞ்ஞானத்தின் யோக்கியதை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லுவது புரோகிதத்தின் யோக்கியதை. நாம் முன்னதைச் சேர்ந்தவர்கள்.

ஆதாரம் வரும்வரை யார் சுமப்பது?

அப்படியானால் பூரண ருசு வரும்வரை சும்மா இருக்கலாமா என்று கேட்பீர்கள். இங்கேதான் முதலாளிமாரின் சூழ்ச்சி இருக்கிறது. "ருசுப்படுத்து, பிறகு நிறுத்துகிறேன்" என்கிறார்கள். ருசு எதிலிருந்து வரவேண்டும்? நமது பிள்ளைகளின் பிணத்திலிருந்தா? குழந்தை பெரியவனைப் போலல்ல; உடம்பின் எடைக்குப் பார்த்தால் அதிகத் தண்ணீர் குடிக்கிறது, அதிகக் காற்றைச் சுவாசிக்கிறது. அதன் உடம்பு வளர்ந்துகொண்டே இருப்பதால் சேதமும் எளிதில் நிலைத்துவிடலாம். விஷம் தங்கி வேலை செய்வதற்கு அதன் முன்னால் நீண்ட ஆயுளும் இருக்கிறது.

இதற்கு வழி வெளிநாட்டில் தேடவேண்டியதில்லை. நமது நாட்டிலேயே சட்டமாயிருக்கிறது. பாலாற்றங்கரையில் தோல் ஷாப்புகள் விட்ட கழிவு நீரால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழாயிற்று என்று வேலூர்ப் பக்கத்து ஜனங்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1996-ல் கோர்ட்டார் என்ன சொன்னார்கள்? கெடுத்தவனே கிரயம் கொடுக்கவேண்டும். பெருங்கேடு வரக்கூடும் என்றிருக்கும்போது விஞ்ஞான நிச்சயம் போதவில்லை என்று சாக்குச் சொல்லித் தடுப்பு வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. தன் தொழில் தீங்கற்றது என்று ருசுப்படுத்தும் பாரம் தொழில் செய்கிறவனையே சேர்ந்தது என்று சொன்னார்கள். அந்தத் தோல் தண்ணீரால் குழந்தைகளுக்குப் புற்று வந்தது என்று நாம் சொல்லவில்லை. அதற்கு நம்மிடம் ஆதாரமில்லை. பாரம் யார் தலையில் இருக்கவேண்டும் என்பதைத்தான் சொல்லுகிறோம். அது குழந்தை தலையில் இருக்கக் கூடாது; தாய் தலையிலும் இருக்கக் கூடாது.

அமெரிக்காவிலேயே பாருங்கள். வூபர்ன் கிணற்றை மூடியது 1979-ல். அந்தச் சரக்கை அடியோடு தடுக்கும் விதியை அந்நாட்டு இலாகா வெளியிட்டது 2024 டிசம்பரில். 45 வருஷம்! அதையும் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். புகைக்கூண்டுப் பிள்ளைகளின் நூறு வருஷத்தோடு ஒப்பிட்டால் கொஞ்சம் முன்னேற்றந்தான் என்று வேண்டுமானால் சந்தோஷப்படலாம்.

செய்யவேண்டிய காரியம்

ஆகவே தோழர்களே! நாம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்.

முதலாவது, குழந்தைக்கு நோய் கண்டால் மந்திரிக்கவும், கயிறு கட்டவும், கோவில் கோவிலாகச் சுற்றவும் போய் நாளைக் கழிக்காதீர்கள். பணக்கார நாடுகளில் புற்று கண்ட குழந்தைகளில் 100-க்கு 80-க்கு மேல் பிழைத்துவிடுகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 பேர்கூடப் பிழைப்பதில்லை. நோய் ஒன்றுதான், வித்தியாசம் காலத்தில் கண்டுபிடிப்பதிலும், மருந்து கிடைப்பதிலும், வைத்தியத்தைப் பாதியில் விடாமலிருப்பதிலும் இருக்கிறது. ஜாதகத்தில் இல்லை. 1954-ல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி வைத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தன் தங்கை இந்த நோயால் இறந்ததைக் கண்டு விதி என்று உட்கார்ந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரி ஏது?

இரண்டாவது, கணக்கெடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் குடிநீர் எங்கிருந்து வருகிறது, கடைசியாக எப்போது சோதித்தார்கள், என்ன கண்டார்கள் என்று எழுதிக் கேளுங்கள். 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் தீர்கிற காரியம். ஒரு அர்ச்சனைச் செலவு.

மூன்றாவது, பிள்ளையைப் பறிகொடுத்த தாயை ஒருவரும் குற்றம் சொல்லாதீர்கள். அவள் குடித்த தண்ணீரை அவள் கெடுக்கவில்லை. பெரும்பாலான சமயங்களில் யாராலுமே காரணம் சொல்லமுடியாது. சொல்லமுடியாதபோது வாயை மூடிக்கொண்டு அவளுக்கு ஒரு வேளைச் சோறு கொண்டுபோய்க் கொடுப்பதே மனிதத் தன்மை.

விதி என்ற வார்த்தையால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். செத்த பிள்ளைக்கு லாபமில்லை, பெற்றவளுக்கு லாபமில்லை. கிணற்றில் விஷத்தை விட்டவனுக்குத்தான் லாபம். அவனைப் பற்றி ஒருவரும் கேட்காமல் எல்லோரும் ஆகாயத்தைப் பார்த்துக் கொண்டிருக்கிறோமல்லவா? ஆகாயத்தைப் பார்த்தது போதும். இனிமேலாவது கிணற்றை எட்டிப் பாருங்கள்.